என் காதுக்குள் ஓடிய போட்

போன வருடம் பங்குனி மாதம். இடம், திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கடலைப் பார்த்தபடி சீனக்குடாவில் இருக்கும் ஒரு சிறிய விடுதி. அங்கேதான் நான் வேலை செய்கிறேன். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, தேத்தண்ணி கொடுப்பது, குசினியில் சமையலுக்குக் கைகொடுப்பது எல்லாம் என் பாடு. வீடு கப்பல்துறையில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். "மற்றதெல்லாம் எட்டாம் வகுப்பு, பயத்தில மட்டும் பட்டம் எடுத்தவ" என்று என் கணவர் என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவார். அதில் பிழையில்லை. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு நினைத்து, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தவள் நான்.

அந்தச் சத்தம் மாசியிலேயே தொடங்கிவிட்டது. ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து துவாய்களை மடித்துக்கொண்டிருந்தேன். காற்று விழுந்திருந்தது. எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் காட்டுப் பக்கம் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் போட் வருகிற சத்தம் கேட்டது. ஊம், ஊம், ஊம் என்று, அவசரமில்லாமல். மீன் கொண்டு வருகிறார்கள் போலும் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். தண்ணீரில் ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வலது காதைப் பொத்தினேன். சத்தம் கூடியது.

போட் வெளியே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு அது என்னோடுதான். குனிந்து கூட்டும்போது கிட்ட வரும். பஸ் தரிப்பில் இருந்து விடுதிக்கு ஏறும் மேட்டில் வேகம் பிடிக்கும். படுத்தால் தலையணைக்குள் ஓடும். சொன்னால் நம்பமாட்டீர்கள், சில நேரம் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. கண்ணை மூடினால் நான் அந்தப் போட்டில் இருப்பேன். ஓட்டுகிறவர் யாரென்று தெரியாது, கரையும் தெரியாது, சுற்றிவரப் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் இருக்கும். கண்ணைத் திறந்ததும் பயம் வந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு அக்காவுக்கு இப்படித்தான் தலைக்குள் ஏதோ கேட்கத் தொடங்கியது. பிறகு தலைக்குள் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்துக் கொஞ்ச நாளில் போய்விட்டா. கண்டுபிடித்தபடியால்தான் போனா என்று என் மனம் கணக்குப் போட்டது. ஆகவே ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். அதுவுமல்லாமல் நெஞ்சு, வயிறு, முழங்கால் என்று ஏற்கெனவே பல தடவை போய், ஒன்றுமில்லை என்று விற்றமின் குளிசையோடு திரும்பியவள் நான். கடைசித் தடவை ஒரு நேர்ஸ், "இண்டைக்கு எந்த இடம் அம்மா?" என்று கேட்டுச் சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன், காதுக்குள் ஒரு போட் ஓடுது என்று.

"நல்லதாப் போச்சு. அதைக் கரையில விடச் சொல்லு, நான் கூடையோட வாறன்" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை எங்கள் மனேஜர் குசினிக்குள் வந்து, "இந்தக் கிழமை முழுக்க அறை எல்லாம் நிறைவு. வாற எல்லாரும் டொக்டர்மார். உறைப்பைக் குறையுங்கோ, தேத்தண்ணியைக் கூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் ஏதோ பெரிய ஆய்வரங்காம். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டிய பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று இருந்தது. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். டொக்டர் என்றுதான் அர்த்தம் என்றார் மனேஜர்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று தெரிந்து, ஆஸ்பத்திரியையே கடவுள் விடுதிக்கு அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

முதலில் நான் பிடித்தது ஒரு அம்மாவை. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். விறாந்தையில் தனியாக இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தா. தேத்தண்ணியை வைத்துவிட்டு, "டொக்டர், ஒரு சின்ன விசயம் கேக்கலாமே?" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினா.

"ஐயோ தங்கச்சி, நான் அந்த டொக்டர் இல்லை. நான் சேத்துக்கு டொக்டர்."

"சேத்துக்கோ?"

"ஓம். உங்கட துறைமுகத்துக்கு அடியில கிடக்கிற சேறு. குழாயால எடுத்துப் படை படையாப் பாக்கிறனான். அங்க காட்டுங்கோ, ஆஸ்பத்திரியில."

நானும் சிரித்துக்கொண்டு தட்டை எடுத்தேன். ஆனால் நம்பவில்லை. கூடாத வருத்தம், தீராத நோய் என்றால் டொக்டர்மார் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், பகிடி விட்டுச் சமாளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குசினிக்கு வந்து சமையல்காரரிடம் சொன்னேன். அவர் கிண்ணியாக்காரர். அண்ணா என்கிற இடத்தில் நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"முகத்தைப் பாத்தனான் நானா. சொல்ல ஏலாமல் சேறு கீறு எண்டு மழுப்புறா."

"சேறு உண்மைதான் புள்ள" என்றார் அவர், வெங்காயத்தில் இருந்து கண்ணெடுக்காமல். "அவட அறையில குழாய் குழாயா வெச்சிருக்கா. நான் புட்டுக்குழல் எண்டு நினைச்சு ஒண்டத் தூக்கிப் பாத்தன்."

அடுத்த நாள் ஒரு ஐயாவைப் பிடித்தேன். தலை நரைத்தவர், யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. நான் சொல்லத் தொடங்கியதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார்.

"திரும்பச் சொல்லுங்கோ பிள்ளை. இரையுதோ, கூவுதோ, முழங்குதோ?"

"இரையுது எண்டும் சொல்லலாம் டொக்டர். போட் ஓடுது எண்டுதான் நான் சொல்லுறது."

"உங்கட ஆக்கள் இதுக்கு வேற என்ன சொல்லுவினம்?"

"எங்கட உம்மா காது அடைக்குது எண்டு சொல்லுவா!" என்று குசினி யன்னலால் நானா கத்தினார்.

"அது பசி வந்தா எல்லோ நானா?" என்றேன் நான்.

"பசி வந்தாலும் அதுதான், மாமி வந்தாலும் அதுதான்!"

ஐயாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எந்த ஊர், தாய் எந்த ஊர், கடல் இரையுது என்று சொல்வீர்களா, மழை இரையுது என்று சொல்வீர்களா என்றெல்லாம் கேட்டார். வாழ்நாளில் ஒரு டொக்டர் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. பாதி வருத்தம் அங்கேயே குறைந்த மாதிரி இருந்தது. கடைசியில், "அப்ப மருந்து என்ன டொக்டர்?" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மருந்தோ? நான் சொல்லுக்கு டொக்டர் பிள்ளை."

"சொல்லுக்கு வருத்தம் வருமோ?"

"வரும். ஆக்கள் பாவிக்காட்டிச் செத்தும் போகும்."

குசினிக்குள் போய் அழாத குறை. நானா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேத்துக்கு ஒண்டு, சொல்லுக்கு ஒண்டு. அந்த மெலிஞ்ச ஆள் கணக்குக்காம். அந்தச் சிங்களத் தம்பி திமிங்கிலத்துக்காம். உலகத்தில உள்ள எல்லாத்துக்கும் டொக்டர் வந்திருக்கு. உன்ர காதுக்குத்தான் ஒண்டும் வரல்ல."

அன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே அவர்களுடைய கதைகளைக் கேட்டேன். ஒரு மேசையில் கல்லில் வெட்டிய ஒரு எழுத்து 'ப'வா 'ய'வா என்று இரண்டு பேர் சண்டை. இன்னொரு மேசையில் இரத்தம் குடிக்கிற நுளம்பின் சிறகு. தாய்மார் பிள்ளைக்குச் சொல்லும் பொய்களைப் பற்றிப் படிக்கிற ஒரு இளம் பெண்ணும் வந்திருந்தா. நாங்கள் துடைத்துவிட்டுப் போகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் கதிரை போட்டு, ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. நடந்துகொண்டே கனவு காண்கிற மாதிரி மேசைக்கு மேசை போனேன்.

வெயில் இறங்கிய நேரம் விறாந்தை மூலை மேசையில் நாலு பேர் இருந்தார்கள். சேற்று அம்மா, சொல் ஐயா, அந்த மெலிந்த கணக்குக்காரர், திமிங்கிலத் தம்பி. நான் கோப்பைகளை வைக்கும்போது ஐயா மற்றவர்களிடம், "இந்தப் பிள்ளையின்ர காதுக்குள்ள ஒரு போட் ஓடுதாம்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திமிங்கிலத் தம்பி சிரிக்கவில்லை. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும்.

"அக்கா, எங்க ஓடுது? தூர? கிட்ட?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். தன்னுடைய பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டினார். துறைமுக வாய்க்கு வெளியே கடல் திடீரென்று ஆழமாகிற இடத்தில் எடுத்த சத்தமாம். திமிங்கிலத்தின் குரல் மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்வாம், வேகத்தைக் கூட்டினால்தான் எங்களுக்குக் கேட்குமாம். சேற்று அம்மா இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொன்னா.

முதலில் ஒன்றுமில்லை. அரிசி களைகிற மாதிரி ஒரு சரசரப்பு. பிறகு அடியில் இருந்து ஒன்று எழும்பி வந்தது. நீளமாக, யாரோ நித்திரையில் பெருமூச்சு விட்டு அதை விட்டு முடிக்க மறந்துபோன மாதிரி. என் எதிரே உட்கடல் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. நான் விறாந்தையில் இருக்கிறேனா தண்ணீருக்குள் இருக்கிறேனா என்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று, எனக்குக் கிட்டவே, இத்தனை வருடமாக இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"இது மாதிரியா அக்கா?"

"இல்லை தம்பி. என்ர இதைவிடக் கிட்ட. இப்பிடி நீட்டா வராது, விட்டு விட்டு வரும்."

ஐயா நிமிர்ந்தார். "விட்டு விட்டோ? மத்தியானம் இரையுது எண்டெல்லோ சொன்னனீங்கள்? விட்டு விட்டு வந்தா அது இரையிறதே?"

"தட்டுங்க அக்கா. இங்க தட்டுங்க" என்று தம்பி தேக்கரண்டியை என் கையில் தந்தார்.

நான் காதைக் கேட்டுக் கேட்டு, கோப்பை ஓரத்தில் தட்டினேன். டிங், டிங், டிங். அந்தக் கிழமையில் வணக்கம்கூடச் சொல்லாத கணக்குக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சேற்று அம்மாவிடம் மெதுவாக, "அவவின்ர மற்றக் கையில நாடியைப் பிடியுங்கோ. பிடிச்சு, அது அடிக்கேக்க நீங்கள் மேசையில தட்டுங்கோ" என்றார்.

அம்மா என் இடக்கை மணிக்கட்டைப் பிடித்தா. விரலால் மேசையில் தட்டத் தொடங்கினா. என் கரண்டி கோப்பையில், அம்மாவின் விரல் பலகையில்.

இரண்டு சத்தமும் ஒன்றாக விழுந்தன. ஒன்றுகூட முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"ரெண்டும் ஒண்டு" என்றார் கணக்குக்காரர்.

"அது போட் இல்லைத் தங்கச்சி" என்றா அம்மா, கையை விடாமல். "உங்கட இரத்தம் ஓடுற சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது."

மேட்டில் ஏறும்போது போட் வேகம் பிடித்தது ஏனென்று அப்போது விளங்கியது. அத்தனை நாளும் அதை ஓட்டியவள் நான்தான்.

"அப்ப கட்டியோ டொக்டர்?" என்றேன்.

"அதை எங்களால சொல்ல ஏலாது. அது அந்த டொக்டர்மாற்ற வேலை. நாளைக்குக் காலமை நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறீங்கள்" என்றா அம்மா.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே எப்படித் தப்புவது என்றும் யோசித்தேன். ஐயா அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"அங்க போய் என்னெண்டு சொல்லுவீங்கள் பிள்ளை?"

"போன மாசம் விறாந்தையில இருக்கேக்க டொக்டர்... காத்தும் இல்லை... எனக்கு முழங்காலும் நோகிறது..."

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "வேண்டாம். உங்களுக்குப் பின்னால நூறு பேர் நிப்பினம். இரையுது எண்டா காதுக்குத் துளி மருந்து தந்து விடுவினம். இரையுது எண்டு சொல்லாதேங்கோ, போட் எண்டும் சொல்லாதேங்கோ. 'காதுக்குள்ள நாடியோட சேந்து அடிக்குது.' இதை மட்டும் சொல்லுங்கோ. எங்க, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னார்.

இரவு விசயத்தைக் கேட்ட என் கணவர், காலையில் ஓட்டோவில் என்னை விடுதி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எங்களுக்கு முன்னாலேயே சேற்று அம்மா சாறி கட்டிக்கொண்டு தயாராக நின்றா. அன்று காலை அவவின் உரை இருந்ததாம். கணக்குக்காரரோடு நேரத்தை மாற்றிக்கொண்டாவாம். யாரென்று தெரியாத எனக்காக. வழியில், கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவோம் என்று நான் சொன்னேன். எனக்கு நேரம் போனால் போதும், ஆஸ்பத்திரியில் வரிசைக்குக் கொடுக்கும் இலக்கம் முடிந்துவிடும். "வரேக்க உடைப்பம்" என்றா அம்மா. கணவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். அவர் பகிடி விடாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து காத்திருக்கும்போது அம்மா எனக்குச் சேற்றைப் பற்றிச் சொன்னா. ஆற்றால் வருகிற மண்ணும் கடலின் தூசியும், அரித்தெடுத்த மா விழுகிற மாதிரி, அடியில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருக்குமாம். மேலே சண்டை நடந்தாலும் கப்பல் போனாலும் அங்கே விழுவது நிற்காதாம். ஒரு விரல் தடிப்புச் சேற்றுக்குள் எங்கள் பாட்டன் பூட்டன் காலமெல்லாம் கிடக்குமாம். கேட்கக் கேட்க எனக்கு அந்தச் சனக்கூட்டமும் டெட்டோல் மணமும் தூரப் போய்விட்டன. நானும் எங்கோ ஆழத்தில், மெல்ல மெல்ல அடியில் படிந்துகொண்டிருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டது அம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது.

உள்ளே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். துண்டில் எழுதிக்கொண்டே, "என்ன செய்யுது?" என்றா. முழங்கால், நெஞ்சு, நித்திரை எல்லாம் ஒன்றாக என் வாய்க்கு வந்து நின்றன. விழுங்கினேன்.

"காதுக்குள்ள நாடியோட சேந்து அடிக்குது."

எழுதிய கை நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. பிரசர் பார்க்கிற பட்டியைக் கையில் சுற்றினா. பார்த்துவிட்டு மற்றக் கையிலும் சுற்றினா. பிறகு, "இனி நடக்க வேண்டாம் அம்மா" என்று சொல்லிச் சக்கரக் கதிரை கொண்டுவரச் சொன்னா.

கட்டி இல்லை. பிரசர். எனக்குத் தெரியாமலே எவ்வளவோ காலம் ஏறி ஏறி, எந்த நேரமும் ஒரு பக்கம் இழுத்து விழுத்தியிருக்கக்கூடிய அளவில் இருந்ததாம். "நல்ல நேரம் வந்தீங்கள்" என்று என்னைப் படுத்தியிருந்த வாட்டில் வந்து பார்த்த பெரிய டொக்டர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கணவர் யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, "கூடை கொண்டுவரேல்லை, பிறகு மீன் வந்தா என்ன செய்யிறது?" என்றார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

நான் வேலைக்குத் திரும்பியபோது ஆய்வரங்கு முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். கதவுகளில் பெயர்கள் இல்லை. போகும்போது நாலு பேரும் குசினிக்கு வந்து என்னை விசாரித்ததாக நானா சொன்னார். "மெலிஞ்ச ஆள்தான் ரெண்டு தரம் வந்து கேட்டவர். ரெண்டாம் தரம் கேட்டுட்டு ஒரு வடையும் எடுத்துக்கொண்டு போனார்."

குளிசை போடப் போட போட் தூரத் தூரப் போனது. ஒரு மத்தியானம் துவாய் மடிக்கும்போது பார்த்தேன், அது இல்லை. காதுக்குள் வெறும் வெளி. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் அதைத் தேடினேன்.

இப்போதும் பின்னேரங்களில் உட்கடல் பக்கம் ஊம் ஊம் என்று கேட்டால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு இரண்டு விரலால் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். இரண்டும் வேறு வேறாக அடித்தால் அது உண்மைப் போட். மீன் வருகிறது. யாராவது டொக்டர் என்று வந்து இறங்கினால், "எதுக்கு டொக்டர் நீங்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுகிறேன். ஒருவரும் கோபிப்பதில்லை, சந்தோசமாகத்தான் சொல்கிறார்கள். பயம் என்னை விட்டுப் போகவில்லை, இனிப் போகவும் மாட்டாது. ஆனால் நான் பயப்படுகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கோ ஒருவர் கதிரையைப் போட்டு, அதையே பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கும்போது, படுத்த உடனே நித்திரை வந்துவிடுகிறது.